நீல நோட்டின் கடைசி வரி

பாதிரியார் எங்கள் வீட்டுத் தண்ணீரை மந்திரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மணப் பெண் வந்தாள். கூடத்து மூலையில் கணினி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாதிரியார் துளசிக் கொத்தைக் கிண்ணத்தில் தோய்த்து நாலு மூலைக்கும் தெளித்தபடி திரும்பினார். திரையில் அவள் கண்ணடித்தாள். அவளோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவளுக்குப் பின்னால் சூதாட்டச் சக்கரம், அதற்குப் பின்னால் உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் மணியடிப்பு. என் மனைவி ல்யுபிங்கா தோளில் கிடந்த சால்வையை உருவித் திரைமேல் போட்டாள். சால்வைக்கு அடியிலிருந்தும் அவள் முனகிக்கொண்டேதான் இருந்தாள். பாதிரியார் நல்ல மனிதர். ஒருமுறை இருமிவிட்டு, அந்த மூலைக்கு மட்டும் இன்னொரு தரம் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தார்.

அவர் படியிறங்கியதும் ல்யுபிங்கா என்மேல் பாய்ந்தாள்.

“மித்ரோவ்தான் பண்டிகைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, ராதே! ஊரே வரும். இந்த எழவெடுத்த பெட்டிய அதுக்குள்ள சுத்தம் பண்ணு, இல்லன்னா ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுடுவேன்.”

“என்கிட்ட ஏன் கத்தற? உன் பொண்ணு பாட்டு கீட்டுன்னு எதையாவது இறக்கியிருப்பா.”

“நான் ஒண்ணுமே இறக்கல,” என்றாள் நெவெனா அடுக்களையிலிருந்து. எங்கள் ஒரே மகள். இருபத்து நாலு வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான். அந்தக் குப்பை முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுவந்தவனும் நான்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் மேலே போக முடியாது. கோடை முழுக்க நெவெனா கணினி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கூடத்துக்குள் வந்தால் திரையில் இருக்கும் சன்னலை மூடுவாள். என்னம்மா என்று கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்பாள். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் நான். எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்வேன். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்றால் பொறுக்குமா? மீன்பிடிச் சங்கத்தில் ஒருத்தன் ஒரு சிடி கொடுத்தான். அதில் ஒரு இலவச நிரல். விசைப்பலகையில் யார் எதைத் தட்டினாலும் எழுத்து விடாமல் பதிந்து, வாரம் ஒருமுறை நாம் சொல்லும் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடும். செப்டம்பர் பதினாலாம் தேதி, பெண்கள் இருவரும் கீழே முற்றத்தில் சிவப்பு மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த நேரம், நான் அதைப் போட்டேன். அது ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி என்று அமுக்கினேன். அந்தச் சரிகளோடு வந்து சேர்ந்தவர்கள்தான் அம்மணக்காரியும் அவள் பரிவாரமும்.

“ஸ்ரெதென கூப்பிடு,” என்றாள் ல்யுபிங்கா. யாரைக் கூப்பிடவே கூடாதோ அவனை.

ஸ்ரெதென் எங்கள் கூம், அதாவது ஞானத்தகப்பன் உறவு; என் மனைவியை அவன் கூமா என்பான். என் கல்யாணத்தில் எனக்குச் சாட்சி நின்றவன், நெவெனாவை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தி அவளுக்குப் பெயர் வைத்தவன். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். கூமிடம் குரலை உயர்த்தினால் பார்ப்பவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அவன் தொலைபேசி நிலையத்தில் கோளாறு பார்ப்பவன், மனைவி இறந்து ஆறு வருஷம். அலுவலகத்தில் கழித்துப் போட்ட பாகங்களைப் பொறுக்கி அந்தக் கணினியை எங்களுக்குக் கட்டிக் கொடுத்ததே அவன்தான். பல சனிக்கிழமைகளில் வருவான், பின்பக்கத்தைத் திறந்து தூசி ஊதுவான், காபி குடித்துவிட்டுப் போவான்.

அவனிடம் ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. நிலையத்தில் எழுதுகிற மாதிரியே எங்கள் கணினிக்கும் ஒரு நீல நோட்டு வைத்திருந்தான், விசைப்பலகைக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில். நாலு கட்டம்: தேதி, கோளாறு, செய்தது, காரணம். ஒரு திருகு தொலைந்தாலும் அதில் ஏறிவிடும். காரணக் கட்டத்தைப் படித்தால் சிரிப்பு வரும். ‘காரணம்: கூமா ல்யுபிங்கா, நீர்வீழ்ச்சிப் படம்.’ ‘காரணம்: ராதே, அதட்டினால் பெட்டி வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை.’ ‘காரணம்: பூனை.’

அவனைக் கூப்பிட நான் தயங்கியது அந்த நோட்டுக்குப் பயந்து மட்டும் அல்ல. பயத்தைவிடப் பெரிதாக ஒரு கோபம் அவன்மேல் எனக்கு இருந்தது. அதை வெளியே சொல்லவும் வழியில்லை.

வாராவாரம் திங்கட்கிழமை மீன்பிடிச் சங்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்த கணினியில் நான் படித்ததெல்லாம் நெவெனா ஸ்ரெதெனுக்கு எழுதியது. அவள் நார்வேக்கு வேலைக்குப் போகிறாள். அந்த ஊர் பாஷை படிக்கிறாள், தாள்களெல்லாம் தயார், ஜனவரியில் கிளம்புகிறாள். என் மகள் ஊரைவிட்டே போவது ஸ்ரெதெனுக்கு ஜூன் மாதத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது! நிரல் அவள் தட்டியதை மட்டும்தான் பதியும். அவன் என்ன பதில் எழுதினான் என்று தெரியாது. அந்த இடங்களை நானே நிரப்பிக்கொண்டேன், என் புத்திக்கு ஏற்றபடி. ‘நீங்க சொல்றது சரிதான் கூமே’ என்று அவள் எழுதியிருந்தால், அப்பனிடம் சொல்லாதே என்று இவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று படித்துக்கொண்டேன். அடுத்த வரியிலேயே, ‘பண்டிகைக்கு முன்னாடி நானே அப்பாகிட்ட சொல்லிடறேன். கத்துவாருன்னு நீங்க சொல்றீங்க. கத்தமாட்டாரோன்னுதான் எனக்கு பயம்’ என்று இருந்தது. அது என் கண்ணில் பட்டது. மண்டையில் ஏறவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அழித்த எழுத்தையும் அந்தச் சனியன் பதிந்து வைக்கும். ஒவ்வோர் எழுத்தை அழித்ததற்கும் ஒரு கட்டம் போட்டுக் காட்டும். ‘அப்பா, உன்கிட்ட ஒரு விஷயம்’ என்று தட்டியிருந்தாள். அதற்குப் பிறகு வரிசையாகக் கட்டங்கள். மறுபடி, ‘அப்பா, கோவப்படாம’. மறுபடி கட்டங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் மட்டும் அப்படிப் பதினொரு தடவை. எனக்கு ஒரு கடிதம் எழுத அவள் தவித்திருக்கிறாள். பதினொரு தடவையும் எண்ணிப் பார்த்தவன், எழுந்து வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? அவளாக வாய் திறக்கட்டும் என்று கல்லுளிமங்கன் மாதிரி காத்திருந்தேன்.

சனிக்கிழமை ஸ்ரெதென் வந்தான். கையில் சிடிப் பை, மூக்கில் நூல் கட்டிய கண்ணாடி.

“என்ன கூமா, பாதிரியாருக்கே படம் காட்டினீங்களாமே? கேள்விப்பட்டேன்,” என்றான்.

“சிரிக்காதீங்க! மானம் போச்சு எனக்கு.”

“அவரு புகார் ஒண்ணும் சொல்லலையே?”

ல்யுபிங்கா துணியால் அவன் முதுகில் அடித்தாள். அவன் உட்கார்ந்தான். முதல் வேலையாக இணையக் கம்பியைப் பிடுங்கினான். “மொதல்ல ரத்தத்த நிறுத்துவோம், தையல் அப்புறம்,” என்றான். கணினியைத் தேவையான நிரல்கள் மட்டும் ஓடும்படி வேறு விதத்தில் எழுப்பினான். சிடியிலிருந்து துப்புரவு நிரல் ஒன்றை ஓட்டினான், அது முடிந்ததும் இன்னொன்று. அதற்குமேல் அவற்றை நம்பாமல், பெட்டி எழுந்திருக்கும்போதே தானாக எழுந்துகொள்கிறவை எவை என்ற பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். “இதுங்க வாசல் வழியா போயிட்டு கொல்லப்பக்கம் வரும். ஒண்ண விட்டா காலைல குடும்பத்தோட வந்து நிக்கும்.” சூதாட்டச் சக்கரம் போனது. உலாவியின் தலையில் அடுக்கடுக்காக ஏறியிருந்த பட்டைகள் மூன்றும் போயின. அம்மணக்காரி போகும்போது, “போயிட்டு வா தாயே, பாதிரியார் கேட்டா சொல்றேன்,” என்றான். நெவெனா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒவ்வொன்றும் போகப்போக நோட்டில் ஒரு வரி ஏறியது. ஆறு வரி.

நான் அடுக்களை வாசலில் காபிச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறோடு நிறுத்திவிடேண்டா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“இது வேற மாதிரி இருக்கே,” என்றான்.

பட்டியலில் ஒரு வரிமேல் அவன் விரல் நின்றது.

“இது விளம்பரம் இல்ல. தட்டற எழுத்த எல்லாம் திருடி வெளிய அனுப்புது. தானா வந்ததும் இல்ல. யாரோ உக்காந்து கையால போட்டிருக்காங்க. செப்டம்பர் பதினாலு, சாயந்திரம் அஞ்சே கால்.”

நெவெனாவின் முகத்தில் ஈயாடவில்லை. “எல்லாத்தையுமா? நான் எழுதினது எல்லாத்தையுமா?” வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். ல்யுபிங்கா அவள் பின்னால் ஓடினாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். காபி பொங்கி அடுப்பில் வழிந்தது, எனக்கு அதை நகர்த்தக் கை வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் சுட்டியின் சத்தம் இரண்டு தரம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் பேனா கீறும் சத்தம், இழுப்பறை மூடும் சத்தம்.

நெவெனா முகம் கழுவித் திரும்பி வந்தாள். “யாருக்குப் போச்சு, கூமே? எந்த முகவரி?”

“அழிச்சிட்டேன்மா.”

“முகவரிய பாக்காமலா?”

“பாக்கல.”

“நோட்டுல எழுதினீங்களா?”

“இல்ல.”

பூனை கடித்த கம்பியைக்கூட எழுதி வைக்கிறவன். நெவெனா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ல்யுபிங்காவுக்கு ஒரு பக்கம் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“செப்டம்பர் பதினாலு நாங்க மிளகா சுட்ட நாள். அன்னிக்கு நீங்கதானே மேல வந்தீங்க, உள்ள இருக்கற விசிறிய மாத்த? நாங்க கீழ இருந்தோம்.”

“வந்தேன் கூமா. அஞ்சு மணிக்கு போயிட்டேன்.”

“உங்கள தவிர இந்தப் பெட்டிய தொறக்கத் தெரிஞ்சவங்க இந்த வீட்ல யாரு இருக்கா?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், வீட்டுக்காரன் என்ன சொல்கிறான் என்று. நான் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் திறந்துதான் கிடந்தது, காலை எடுத்து வைத்தால் போதும். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது ஜூன் மாதம்தான். இவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

“ஏன் கூமே அவ்ளோ அவசரமா அழிச்ச?” என்றேன்.

என் வாயால், என் வீட்டில், என் கூமைப் பார்த்துக் கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது இப்போது நினைத்தாலும். அவன் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபப்பட்டிருந்தால் நானும் கத்தி, கத்துகிற வேகத்தில் உண்மை வெளியே விழுந்திருக்கும்.

“கை பழக்கம், ராதே,” என்றான்.

நெவெனா மெதுவாகக் கேட்டாள்: “நான் உங்ககிட்ட சொன்னது போதலையா, கூமே?” அதன் அர்த்தம் ல்யுபிங்காவுக்குப் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது, புரியாத மாதிரி நின்றேன். அவன் சிடிகளைப் பையில் ஒவ்வொன்றாக அடுக்கினான், கம்பியைத் திரும்பச் செருகினான், காபியைத் தொடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அவன் எதையும் பார்க்கவில்லை என்று நான் நம்பினேன். அவன்தானே சொன்னான், பாக்கல என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்று சாப்பிட்டேன்.

ல்யுபிங்கா மறுநாள் மூன்றாம் மாடி மிலெவாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள், ஒரே ஒரு வார்த்தை. மிலெவாவிடம் சொன்னால் வானொலியில் சொன்ன மாதிரி. புதன்கிழமைக்குள் மாடிப்படி முழுக்க அதே பேச்சு. “பொண்டாட்டி செத்த ஆம்பள. வயசுப் பொண்ணு எழுதறத உக்காந்து படிச்சிருக்கான், கண்றாவி! தொட்டியில தூக்கின பொண்ணாச்சே அது.” இரண்டாம் மாடி டீச்சர் வீட்டுக் கணினியும் அவன் பார்த்துக் கொடுப்பதுதான். அந்தம்மா கதவுச் சங்கிலியைக்கூடக் கழற்றாமல், இப்ப எல்லாம் நல்லா ஓடுது, வேணாம் என்று அவனைத் திருப்பி அனுப்பினாளாம். முப்பது வருஷமாக இந்தக் க்ராலியெவோ ஊரில் பாதி வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவன் அவன். தொலைபேசிக்காரன் ஸ்ரெதென் என்றால் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவார்கள். அவனுக்கு இருந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான். அதை நான் ஒரு கேள்வியில் தின்றுவிட்டேன்.

ஒருநாள் காய்கறிச் சந்தையில் எதிரே வந்தான். நான் குனிந்து ஒரு முட்டைக்கோஸை முகர்ந்து பார்த்தேன். முட்டைக்கோஸை யாராவது முகர்ந்து பார்ப்பார்களா! அவனே நின்றான்.

“நல்லா இருக்கியா ராதே? பொண்ணு நல்லா இருக்காளா?”

“இருக்கா, இருக்கா,” என்றேன் முட்டைக்கோஸிடம்.

பொண்ணு நல்லா இல்லை. கணினி பளிச்சென்று சுத்தமாக இருந்தது, ஒரு விளம்பரம் இல்லை. அவள் அதன் பக்கமே போகவில்லை. அதன்மேல் ல்யுபிங்கா ஒரு பின்னல் துணியை விரித்துப் பூச்சாடி வைத்துவிட்டாள். பண்டிகைக்கு முன்னால் என்னிடம் சொல்லுவேன் என்று எழுதியவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மித்ரோவ்தான் எங்கள் குடும்பப் பண்டிகை. அன்றைக்கு யாரையும் அழைக்கக்கூடாது. அழைப்பு அவமரியாதை. வர வேண்டியவர்கள் வருவார்கள், வராதவர்கள் வராததாலேயே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். ஸ்ரெதெனுக்குத் தொலைபேசி செய்து வாடா என்று சொல்ல எனக்கு வாய் இருந்தாலும் வழக்கம் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவன் வராத மித்ரோவ்தான் கிடையாது. மேசையின் தலைமாட்டில் அவன் நாற்காலி.

காலையில் ல்யுபிங்கா கத்தினாள்: “ராதே, மெழுகுவர்த்திக்கு கட்டற ரிப்பன் அந்தப் பெட்டி இழுப்பறையில கெடக்கு, எடுத்துட்டு வா!”

ரிப்பனுக்கு அடியில் நீல நோட்டு இருந்தது. அக்டோபர் இருபது. ஆறு வரிகள். ஏழாவது வரியும் இருந்தது. அதே சின்ன, நேரான, நிலையத்து எழுத்து.

‘கோளாறு: எழுத்தைப் பதிந்து அனுப்பும் நிரல். செய்தது: நீக்கியாயிற்று. போய்ச் சேர்ந்த இடம் ராதேயின் மீன் பெட்டி. யாரிடமும் சொல்லவில்லை. காரணம்: நான். முதலிலேயே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.’

மீன் பெட்டி என்றால் என் மின்னஞ்சல். மீன்பிடிக் கூட்டாளிகளுக்கு எழுத எனக்கு அதைத் திறந்து கொடுத்ததே அவன்தான். பெயர் வைத்தவனும் அவன்தான். வேறு பெட்டி திறக்கத் தெரியாத மடையன் நான், திருட்டையும் அதற்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்த்த அந்த நொடியே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது: யார் போட்டது, எதைப் படித்தது, எதற்காக நான் அவனை முறைத்துக்கொண்டு திரிந்தது எல்லாம். தெரிந்துகொண்டுதான் பாக்கல என்றான். தெரிந்துகொண்டுதான் என் கேள்விக்குக் கை பழக்கம் என்றான். டீச்சர் வீட்டுக் கதவுச் சங்கிலி, சந்தையில் நல்லா இருக்கியா, எல்லாம் தெரிந்துகொண்டு. அந்த நோட்டு பத்தொன்பது நாள் என் வீட்டு இழுப்பறையில் கிடந்தது. ஒரு தடவை நெவெனாவிடம், இழுப்பறையைத் திறந்து பாரும்மா என்று சொல்லியிருந்தால் போதும் அவனுக்கு.

“ரிப்பன் கெடச்சுதா இல்லையா?”

“கெடச்சுது,” என்றேன். அழுகை வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, உண்மையைச் சொல்கிறேன், அதையும் ஒரு பார்வை பார்த்தேன். தாள் எரிய எவ்வளவு நேரம் ஆகும்?

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வருகிற ஒவ்வொருவரும் வாசலில் சிலுவை போட்டு, வேகவைத்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். சூப், கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி, பன்றி வறுவல். பண்டிகை வீட்டுக்காரன் அன்று உட்காரக்கூடாது, நின்று பரிமாற வேண்டும். நான் நின்றேன். தலைமாட்டு நாற்காலி காலியாக இருந்தது. எல்லோரும் அதைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

மிலெவாதான் அதன் முதுகைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: “இது காலியாவே இருக்கட்டும், ராதே. சில பேரு வராம இருக்கறதே கண்ணியம்.”

கையில் ராக்கியா சாராயச் சீசா இருந்தது. அதைக் கீழே வைத்தேன். இழுப்பறையைத் திறந்தேன். வாழ்த்துச் சொல்லப்போகிறான் என்று நினைத்து எல்லோரும் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அப்படியே நின்றார்கள். நான் நோட்டை விரித்து ஏழாவது வரியைத் தொழிற்சாலையில் பெயர் கூப்பிடுகிற குரலில் படித்தேன், காரணம் வரைக்கும். குரல் இரண்டு தடவை உடைந்தது.

“மீன் பெட்டின்னா என்னோடது,” என்றேன். “அத போட்டது நான். படிச்சது நான். அவன் என்ன காப்பாத்திட்டான். நான் அவன வித்துட்டேன்.”

மெழுகுவர்த்தி பொரியும் சத்தம் கேட்டது. மிலெவா மெல்ல உட்கார்ந்து, தட்டில் இருந்த இறைச்சியை உற்றுப் பார்த்தாள்.

“முதல்லயே என்னத்த சொல்லியிருக்கணும்?” என்றாள் ல்யுபிங்கா. “ராதே? என்னத்த?”

“நான் நார்வே போறத, அம்மா,” என்றாள் நெவெனா. அவள் கண் என்மேல் இருந்தது. “எப்பலேர்ந்து படிக்கற?”

“செப்டம்பர்லேர்ந்து.”

“நான் அழிச்சதும் தெரியுமா?”

இதை மட்டும் கேட்காதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். “தெரியும்,” என்றேன்.

“அப்பான்னு ஆரம்பிச்சு அழிச்சது?”

“பதினொரு தடவ.”

“எண்ணினியா?”

தலையாட்டினேன். அவள் மேலங்கியை எடுத்தாள், பொத்தான்கூடப் போடாமல் வெளியே போனாள். ல்யுபிங்கா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விருந்தாளிகள் பாவம், எழுந்து போனாலும் தப்பு, உட்கார்ந்தாலும் தப்பு. மெல்ல உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். வேறு என்ன செய்வது? அன்றைக்கு வீட்டுக்காரன் நான்தானே.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. நெவெனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது. ஸ்ரெதென் அவசரத்தில் கழுத்துப் பட்டையைக் கோணலாகக் கட்டியிருந்தான். எல்லோரும் எழுந்தார்கள். அவன் சிலுவை போட்டு, ஒரு கரண்டி கோதுமை எடுத்து மென்று, “பண்டிகை வாழ்த்து, வீட்டுக்காரரே,” என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி. போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். நெவெனா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் அவன் கோப்பையில் ஊற்றப் போனேன். மேசைத் துணியில்தான் ஊற்றினேன்.

“கோப்பை இங்க இருக்குடா,” என்றான் காதோடு. “ஏண்டா, வீட்டுக் கோளாற போய் ஊருக்கு வாசிச்ச? அதுக்கா நோட்டு வெச்சிருக்கேன்?”

“மன்னிச்சிடு கூமே.”

“ஊத்து மொதல்ல.”

அவன் மன்னித்துவிட்டான். அதுதான் என்னால் தாங்க முடியாதது. சனிக்கிழமைகளில் மறுபடி வருகிறான். இப்போதும் தூசி ஊதுகிறான், நோட்டில் எழுதுகிறான். ஆனால் எந்தச் சன்னலைத் திறப்பதற்கு முன்னாலும், “இத தொறக்கலாமா?” என்று கேட்கிறான். முன்பெல்லாம் கேட்டதில்லை. டீச்சர் அவனைக் கூப்பிடவே இல்லை. நான் நேரில் போய்ச் சொன்னேன். அப்படியா, பாவம் என்றாள். இப்போது அவள் வீட்டுக்கு வேறு ஆள் வருகிறான்.

ஜனவரியில் பேருந்து நிலையத்தில் நெவெனாவின் பெட்டியைத் தூக்கக் கையை நீட்டினேன். “கனமா இருக்கும்ப்பா, உனக்கு இடுப்பு வலி,” என்றாள். பெட்டியை ஸ்ரெதெனிடம் கொடுத்தாள். அவனுக்கு என்னைவிட மூன்று வயது அதிகம்.

வாராவாரம் ல்யுபிங்காவோடு பேசுகிறாள். என்னிடம் குளிர் எப்படி என்று ஒரு வார்த்தை. மார்ச் பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ல்யுபிங்கா கடைக்குப் போயிருந்தாள். நான் கணினி முன் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரட்டைச் சன்னலில் மகள் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு பச்சையானது. கீழே அந்தக் குட்டிப் பென்சில் படம் ஆடத் தொடங்கியது. நெவெனா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது.

பென்சில் ஆடியது, நின்றது. மறுபடி ஆடியது. நெடுநேரம் ஆடியது. நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். என்ன எழுதுகிறாள், எதை அழிக்கிறாள் என்று சொல்ல இந்தப் பெட்டியில் இப்போது ஒன்றும் இல்லை. ஸ்ரெதென் சுத்தமாக வைத்திருக்கிறான். பென்சில் நின்றது. நாலு நிமிஷம் கழித்துத் திரும்ப ஆடி, ஒரே ஒரு வரி வந்து விழுந்தது.

‘கூம் நல்லா இருக்காரா?’

‘இருக்கான்மா’ என்று தட்டினேன். அதற்குக் கீழே நானும் ஏதேதோ எழுதினேன், அழித்தேன், எழுதினேன். அங்கே அவள் திரையிலும் பென்சில் ஆடிக்கொண்டிருந்திருக்கும்.